சாராவும் நம்ம அம்மாயியும்



முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு யோபு நூலிலிருந்து வாசகம் கேட்பார்கள், சாலமோனின் ஞானம் கேட்பார்கள். தொடக்க நூலின் 18ஆம் அதிகாரத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் பேரப்பிள்ளைகள் பங்களாவுக்கு வந்து, "சாரா சிரிச்ச வாசகத்தப் போடுங்க ஃபாதர், அம்மாயிக்கு அதுதான் பிடிக்கும்" என்றார்கள். துக்க காரியத்துக்கு இது பொருந்துமா என்று பெரியவர்கள் இரண்டொருவர் முகம் சுளித்ததும் எனக்குத் தெரியும். நான் பிள்ளைகள் கட்சி.

வாசகத்தைக் கவனித்தீர்களா? மம்ரேயில் உச்சி வெயில். முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ஆபிரகாம் கூடாரத்துக்குள் ஓடி, மூன்று மரக்கால் மாவு எடுத்துச் சீக்கிரம் அப்பம் சுடச் சொல்கிறார். மூன்று ஆளுக்கு மூன்று மரக்கால்! சொல்வது அவருக்கு எளிது, பிசைகிறவர் சாரா. அப்புறம் அந்த அம்மா கூடார வாசலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆண்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறார். அடுத்த வருஷம் இந்நேரம் உனக்கு மகன் இருப்பான் என்று வந்தவர்களில் ஒருவர் ஆபிரகாமிடம் சொல்வது காதில் விழுகிறது. சாராவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நானே வற்றிப்போய்விட்டேன், என் வீட்டுக்காரரும் கிழவர், இனிமேலா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார்.

ஆண்டவர் உடனே ஆபிரகாமிடம் கேட்கிறார்: தனக்கு வயதாகிவிட்டதென்று சாரா ஏன் சிரித்தாள்? சாரா சொன்னதில் பாதிதான் இங்கே வருகிறது. கணவனைக் கிழவர் என்று சொன்னதை ஆண்டவர் நைசாக விட்டுவிட்டார். பழைய காலத்து யூத அறிஞர்கள் இதைக் கவனித்து, குடும்ப சமாதானத்துக்காகக் கடவுளே பேச்சைக் குறைத்துச் சொன்னார் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட சாரா, நான் சிரிக்கவே இல்லை என்கிறார். இல்லை, சிரித்தாய் என்கிறார் ஆண்டவர். அதற்குமேல் ஒரு தண்டனையும் இல்லை. ஈசாக்கு பிறந்த பிறகு சாராவே சொல்கிறார், கடவுள் என்னைச் சிரிக்க வைத்தார், கேட்கிறவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று. நம்பிக்கைக்காகத் திருச்சபை போற்றும் பெண்மணியின் வரலாறு இது.

நம்ம அம்மாயியை அடக்கம் செய்த மறுநாளிலிருந்தே அவரை ஒரு சுரூபமாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. பொறுமைசாலி, சாது, வாய் திறந்து ஒரு சொல் சொல்லாதவர் என்கிறார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. என் பிரசங்கம் நீண்டுபோன ஞாயிறுகளில் கோவில் வாசலில் நின்று, "ஸ்தோத்திரம் சாமி. இன்னைக்கு எங்கூட்டுக் குக்கர்ல ஆறு விசில் ஆயிருக்கும்" என்று சொன்னவர் அவர். ஒரு ஆட்டுக்கல் விவகாரத்தில் நாத்தனாரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததும், ஒவ்வொரு ஞாயிறும் அதே நாத்தனார் வீட்டுக்குப் பேரன் கையில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பியதும் இந்த ஊருக்கே தெரியும். குழம்பு போகும், பேச்சு போகாது.

கோதண்டராமர் கோயில் இருக்கிற ஊர் இது. இலங்கையிலிருந்து திரும்பிய ராமருக்கு இங்கேதான் பட்டம் கட்டினார்கள் என்பது நம் அயலார் நம்பிக்கை. ராம நவமிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அம்மாயிக்கு ஒரு சொம்பு பானகம் வரும். அது பெரும்பாலும் தவக்காலமாக இருக்கும். ஒருசந்தி இருக்கிறீங்களே அம்மாயி என்று கேட்டால், "தண்ணிதானே சாமி, கடிச்சா திங்கறேன்?" என்பார். கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சொம்பு நிறைய அதிரசம் திரும்பிப் போகும். திருச்சட்டப் புத்தகத்தை எடுத்து அவரோடு வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸுக்கும் இப்படி ஒரு பாட்டி உண்டு. அப்பாவைப் பெற்றவர், பெயர் ரோசா. சிறுவனாக இருந்தபோது தெருவில் சால்வேஷன் ஆர்மி பெண்கள் இருவரைப் பார்த்துவிட்டு, இவர்கள் கன்னியாஸ்திரீகளா என்று கேட்டாராம். இல்லை, புராட்டஸ்டாண்டுகள், ஆனால் நல்லவர்கள் என்றாராம் பாட்டி. பிற சபையினரை நல்லவர்கள் என்று கத்தோலிக்க வீடுகளில் சொல்லாத காலம் அது. அந்த ஒரு பதிலைத் திருத்தந்தை ஆன பிறகும் பலமுறை நினைவுகூர்ந்தார்.

ரோசாவின் குடும்பம் இத்தாலியை விட்டு அர்ஜென்டினாவுக்குப் புறப்பட 'பிரின்சிபெஸ்ஸா மஃபால்டா' என்ற கப்பலில் டிக்கெட் வாங்கியிருந்தது. கடையை விற்க முடியாமல் பயணம் தள்ளிப்போனது. அந்தக் கப்பல் 1927 அக்டோபரில் பிரேசில் கடலில் மூழ்கி முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1929இன் தொடக்கத்தில்தான் இவர்கள் போய் இறங்கினார்கள். அங்கே அப்போது கடும் கோடை. அந்த வெயிலில் ரோசா நரித்தோல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கப்பலை விட்டு இறங்கியிருக்கிறார். கடை விற்ற பணம் முழுவதும் அந்தக் கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்திருந்தது! நம் பாட்டிமார்கள் சுருக்குப் பையை இடுப்பில் செருகுவார்கள், அரிசிப் பானைக்குள் பணம் போட்டு வைப்பார்கள். இவர் கோட்டையே பெட்டியாக்கிவிட்டார். பிணத்துக்குப் போர்த்தும் துணியில் பை கிடையாது என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே ரோசாதான். வியர்க்க வியர்க்கப் பணத்தைக் காப்பாற்றியவர் அப்படிச் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

1969 டிசம்பரில் பேரன் குருப்பட்டம் பெற்றபோது ரோசா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என்றைக்காவது துக்கமோ நோயோ நெருங்கியவரின் சாவோ உங்களை நொறுக்கினால், நற்கருணைப் பேழைக்கு முன்னால் ஒரு பெருமூச்சு, சிலுவையடியில் நின்ற மாதாவை நோக்கி ஒரு பார்வை, அது போதும் என்பது அதன் சாரம். அதைக் கட்டளை செபப் புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார் திருத்தந்தை. 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள், முதியோருக்கான உலக நாளாக நாம் கொண்டாடுவதும் அவர் ஏற்படுத்தியதுதான்.

திரும்பவும் சாராவிடம் வருகிறேன். தொடக்க நூல் பல பெண்களைச் சொன்னாலும், இறந்த வயதைச் சாரா ஒருவருக்குத்தான் சொல்கிறது. 127. ஆபிரகாம் அழுகிறார், பிறகு எழுந்துபோய்ப் புதைக்க இடம் கேட்கிறார். மக்பேலா குகைக்குச் சொந்தக்காரர் எப்ரோன் முதலில் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அப்புறம், நானூறு சேக்கல் வெள்ளி பெறும், நமக்குள்ளே அது என்ன பெரிய காசா என்கிறார். வியாபாரப் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான். ஒரு சேக்கல் சுமார் பதினொரு கிராம். நம் சேலத்து வெள்ளிப் பட்டறைக் கணக்கில் கிட்டத்தட்ட நாலரைக் கிலோ. ஆபிரகாம் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

கொலுசுக்குச் சலங்கை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த நம்ம அம்மாயிக்கு இது ஆறவே இல்லை. நற்செய்திப் பணியகத்து வகுப்பில் எழுந்து, "ஒரு வார்த்த கொறச்சுக் கேக்கலையா அந்த மனுசன்?" என்றார். சோதோமுக்காகக் கடவுளிடமே ஐம்பதிலிருந்து பத்துவரை பேரம் பேசியவர் சாராவின் குழிக்குப் பேரம் பேசவில்லையே அம்மாயி என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, அதுக்குப் பேசக் கூடாதுதான்" என்று உட்கார்ந்தார். இந்தப் பகுதிக்கு எத்தனையோ விளக்கவுரைகள் படித்திருக்கிறேன். இந்த ஊர்க் கோவிலில் எனக்கு அதுதான் உரை.

அம்மாயி போன்ற ஒரு பாட்டி புதிய ஏற்பாட்டிலும் உண்டு. திமொத்தேயுவுக்கு எழுதுகையில் பவுலடியார் பாட்டி லோயியின் நம்பிக்கையைத்தான் முதலில் சொல்கிறார், அப்புறம்தான் தாய் யூனிக்கி. லோயி என்ன போதித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. வீட்டில் இருந்தார், அவ்வளவே.

இனி மன்றாட்டுகள். அம்மாயி ஒரு நோட்டு வைத்திருந்தார். முன்பக்கத்திலிருந்து இறந்த ஆன்மாக்களின் பெயர், பின்பக்கத்திலிருந்து சீட்டுக் கணக்கு. பேரப்பிள்ளைகள் முன்பக்கத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கடைசிப் பெயரைச் சின்னவன் நேற்று ராத்திரி தன் கையால் எழுதியிருக்கிறான், அதை அவனே வாசிக்கட்டும். பாக்கிக்காரர்களில் சிலர் இங்கேயே உட்கார்ந்திருப்பதால், பின்பக்கத்தைப் புரட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுந்து நிற்போம்.