அம்மன் பாவாடையில் ஒரு சிவப்புச் சதுரம்

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத்துக் கோயில்களில் திருவிழாப் பத்திரிகை அச்சாகும்போது உபயக்காரர்களின் பெயர்கள் நாள்வாரியாக வரும். அம்மனுக்குப் பாவாடை தைத்தவரின் பெயர் பெரும்பாலும் இராது.

தைத்த துணியில் பெயர் பொறிக்க இன்று நெய்த லேபிள்கள் கிடைக்கின்றன. இவை அச்சிட்டவை அல்ல. 1804இல் லியோனில் பிறந்த ஜக்கார்டு நெசவு முறையில், எழுத்தே பாவும் ஊடையுமாக நெய்யப்படுகிறது; திருப்பிப் பார்த்தால் தளர்ந்த இழைகளுக்கு நடுவே எழுத்து இடவலம் மாறித் தெரியும். பெயரே இல்லாமல் சிவப்புச் சதுரம், மஞ்சள் முக்கோணம், நீல வட்டம் மட்டும் கொண்டவையும் உண்டு. 1923 வாக்கில் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் பள்ளியில் காண்டின்ஸ்கி வடிவத்துக்கு வண்ணம் பொருத்திய முறை அது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு தையல்காரம்மா விற்கும் ரவிக்கையில் தன் பெயரைத் தைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அம்மனுக்குச் சாத்தும் பாவாடையில் தைத்தால்?

கூடாது என்பார்கள். சைவ சித்தாந்தம் உயிரைப் பிணித்த மலங்களில் மூலமாகச் சொல்வது ஆணவத்தை. பெயரோடு கொடுத்த பொருளில் 'நான்' ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்ற வாதம் வலுவானதுதான்.

பவ்ஹவுஸ் நெசவுக்கூடத்திலிருந்து வந்த அன்னி ஆல்பர்ஸும் ஏறக்குறைய இதையே சொன்னார். செய்தவரின் ஆளுமை துருத்தி நிற்காத பொருளே காலம் கடக்கும் என்பது அவருடைய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம். 1965இல் வெளிவந்த நெசவு பற்றிய நூலைப் பண்டைப் பெரு நாட்டு நெசவாளர்களுக்குச் சமர்ப்பித்தார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆல்பர்ஸின் பெயர் தெரியும்.

இங்கேதான் இடறுகிறது. இந்தத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, பால்மரம் வெட்டப் போன பெண்கள் பெயரைத் துறந்தவர்கள் அல்லர். அவர்கள் செய்து கொடுத்ததில் அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இல்லாத ஒன்றை எப்படித் துறப்பது? எழுதாமல் விட்டதைப் பற்றின்மை என்று புகழ்வது அநியாயம்.

கடாரம் என்று சோழர் அழைத்தது இந்தக் கெடாவைத்தான். அதன் அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குத் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரைச் சூட்டினான்; ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. அதை ஆணவம் என்று யாரும் பழிப்பதில்லை. தையல்காரம்மாவின் முக்கால் அங்குலப் பெயருக்கு மட்டும் ஏன் சித்தாந்தம் குறுக்கே வரவேண்டும்?

பாவாடையின் உள்மடிப்பில், இடுப்புப் பட்டிக்குக் கீழே, அவர் பெயரைத் தாராளமாகத் தைக்கலாம். பெயர் வேண்டாம், சிவப்புச் சதுரம் போதும் என்று அவரே நினைத்தால் அதுவும் சரி. கோயில் நிர்வாகம் அதை அவருக்காக முடிவு செய்யக்கூடாது.