யாருமில்லாதவருக்கும் ஒரு கை நீர்

தைப்பூசத்தன்று திருவண்ணாமலை ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடிந்ததும் அண்ணாமலையாருக்கு ஒரு சாவுச் செய்தி சொல்வார்கள். வல்லாள மகாராஜா போரில் இறந்துபோனார் என்பது செய்தி. வரும்போது மேளதாளத்தோடு வந்த சுவாமி, திரும்பும்போது மேளம் இல்லாமல் கோயிலுக்குப் போகிறார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டு, பிள்ளையில்லாத அந்த அரசனுக்குப் பிள்ளையாக இருந்து திதி கொடுக்கிறார். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானின் படையிடம் உயிர்விட்டது 1342-ஐ ஒட்டி. ஆறரை நூற்றாண்டு தாண்டியும் சுவாமி திதியைத் தவறவிடவில்லை. கும்பகோணத்துச் சாரங்கபாணியும், தன் ராஜகோபுரத்துக்காக உழைத்த பிள்ளையற்ற பக்தர் ஒருவருக்குத் தீபாவளி அமாவாசையன்று இதையே செய்கிறார்.

பெற்றவர்க்குப் பிள்ளை செய்வது கடன். யாருமில்லாதவருக்கு யார் செய்வது என்ற கேள்விக்கு, தெய்வமே இறங்கி வந்து செய்யட்டும் என்று நம் ஊர்க்காரர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அந்த விடையை நான் அதிகம் நினைத்துக்கொள்வது கொல்கத்தாவின் தென்மேற்கில், பெஹாலாவின் தெருக்களில்.

பெஹாலா கொல்கத்தாவை விட மூத்த ஊர் என்று அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல நியாயம் இருக்கிறது. 1698 நவம்பர் 10-ஆம் தேதி சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தவர்கள் இங்கே பரிஷாவில் இருந்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார். அவர்கள் வீட்டுத் துர்கா பூஜை 1610-இலிருந்து நடப்பதாகக் கணக்கு. இப்போது டயமண்ட் ஹார்பர் சாலையின் மேல் மெட்ரோ ஓடுகிறது, கீழே ஆட்டோக்களும் பஸ்களும் முட்டிக்கொள்கின்றன. பழைய குளங்கள் பல தூர்ந்து அடுக்குமாடியாகிவிட்டன. ஆனால் சாலையை விட்டு இரண்டு சந்து உள்ளே போனால் இன்னும் 'பாடா' என்கிற அக்கம்பக்கம் இருக்கிறது. ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை, கேரம் பலகை கிடக்கும் ஒரு கிளப், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நாலு பேர். ரத்த உறவு எதுவும் இல்லாமலேயே எல்லாரும் ஒருவருக்கொருவர் காகு, ஜேட்டு, மாஷிமா, போவ்தி; அதாவது சித்தப்பா, பெரியப்பா, சித்தி, அண்ணி. தமிழ்க் குடும்பம் என்றாலும் விலக்கு கிடையாது. குடிபுகுந்து சில மாதத்தில் நீங்களும் யாருக்கோ தாதா, அதாவது அண்ணன், ஆகியிருப்பீர்கள்.

இந்த அழைப்புகள் வாய்ப்பழக்கம் மட்டும்தானா என்பது ஒரு சாவில் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் முதலில் வருவது பெரும்பாலும் கிளப் பையன்கள்தான். டாக்டரிடம் சான்றிதழ் வாங்க ஒருவன், வண்டிக்கு ஒருவன், ரஜனிகந்தா மாலைக்கு ஒருவன். நாம் சம்பங்கி என்று கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கட்டும் அதே பூ, வங்காளத்தில் மணப்பந்தலோடு சாவு வீட்டுக்கும் சேர்ந்தது. வாசலில் உடலை இறக்கி வைப்பார்கள். தெருவே வந்து பார்க்கும். பிறகு பொரி இறைத்துக்கொண்டு, ஹரியின் பேரைச் சொல்லிக்கொண்டு, சிரிடி மயானத்துக்கு. அங்கே மின் தகன மேடையில் வரிசை. அந்தக் காத்திருப்பில் டீ குடிப்பார்கள், கால்பந்து பேசுவார்கள், நடுவே திடீரென்று போனவரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வார்கள். திரும்பி வந்து, வாசலில் இரும்பையும் நெருப்பையும் தொட்டு, வேப்பிலையைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவது. சிரார்த்தம் முடிந்து குடும்பம் விருந்து வைக்கும்போது, மயானத்துக்கு உடன் போனவர்களைத் தனியாக அழைத்து உட்காரவைப்பார்கள். அவர்கள் 'ஷ்மஷான்பந்து', மயான உறவு. பாடையைத் தொட்டுத் தூக்கிய தோள் அந்த வீட்டுக்கு உறவாகிவிடுகிறது. இதைச் சாஸ்திரம் எங்கே சொல்கிறதோ இல்லையோ, பெஹாலாவின் சந்துகள் கடைப்பிடிக்கின்றன.

2020-இலும் 2021-இலும் இந்த உறவு வழி அடைபட்டது. கோவிட்டில் போனவர்களை மருத்துவமனையிலிருந்தே உறையிட்டு எடுத்துப் போனார்கள். பலர் தாபா மயானத்தில் எரிக்கப்பட்டார்கள். தெரு பார்க்கவில்லை. தோள் கொடுக்க வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். அந்த இரண்டு வருடத்துச் சாவுகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் இங்கே பெரியவர்கள் குரல் சற்றுத் தணிகிறது. இறந்தவருக்கு ஒன்று பாக்கி வைத்துவிட்டோம் என்ற கூச்சம் அது. அடுத்தடுத்த மகாளயத்தில், கங்கையில் இடுப்பளவு நீரில் நின்ற சிலர் தங்கள் மூதாதையர் பேரோடு பக்கத்து வீட்டுக்காரரின் பேரையும் சேர்த்துச் சொன்னார்கள்.

சொல்லலாமா? கோத்திரம் வேறு, குலம் வேறு. ஆனால் தர்ப்பணத்தின் போக்கை நிதானமாகக் கவனித்தால் அது ஆரம்பத்திலிருந்தே வீட்டுக்குள் அடங்க மறுப்பது தெரியும். தேவர், ரிஷி, பித்ரு என்று தொடங்கி, சொந்தமாக இருந்தவர்களுக்கும், சொந்தமே இல்லாதவர்களுக்கும், வேறு ஏதோ பிறவியில் சொந்தமாக இருந்திருக்கக்கூடியவர்களுக்கும் நீர் விடச் சொல்கிறது. பிரம்மா முதல் புல் நுனி வரை எல்லாமே திருப்தி அடையட்டும் என்று விரிகிறது. பிள்ளையில்லாமல் போன பீஷ்மருக்கு என்று தனியாக ஒரு கை நீர் உண்டு. நம் ஊர் மகாளயத்திலும் காருண்ய பித்ருக்கள் என்ற வரிசையில் மாமன், அத்தை, ஆசிரியர், நண்பர் எல்லாரும் வந்து நிற்பார்கள். இல்லறத்தான் பேண வேண்டியவர்களைச் சொல்லும்போது வள்ளுவர் தெய்வத்துக்கும் முன்னால் தென்புலத்தாரை வைத்ததைப் பலமுறை யோசித்திருக்கிறேன். தெய்வத்தை நாம் மறந்தாலும் அதற்குக் குறை வராது. போனவருக்கு இந்த உலகில் இருப்பதெல்லாம் நம் நினைப்பு ஒன்றுதான்.

ஒரு வீட்டுத் துக்கம் ஊர்ச் சொத்தாவது எப்படி என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு கோயில் இருக்கிறது. ஆதி கங்கை என்பது ஒரு காலத்தில் கங்கையின் ஓட்டமாக இருந்தது. 1770-களில் வில்லியம் டாலி என்பவர் அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கினார். இன்று அதன் நடுவே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன, நீர் கறுத்துக் கிடக்கிறது. காளிகட்டும் கேவ்ராதலா மயானமும் சிரிடி மயானமும் இதன் ஓரத்தில்தான். இதே கரையில், டாலிகஞ்ச் பக்கம், கருணாமயி காளி கோயில். பரிஷா ராய் சௌத்ரிகளில் ஒருவரான நந்ததுலால் 1760-இல் கட்டியது. அவருக்குக் கருணா என்று ஒரு மகள், சிறு வயதிலேயே போய்விட்டாள் என்கிறார்கள். சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்த தகப்பனின் கனவில் அந்தக் குழந்தை வந்து, ஆற்றங்கரையில் ஆலமரத்தடியில் ஒரு கருங்கல் கிடக்கிறது, அதில் என்னைப் பார் என்றதாம். அந்தக் கல்லில் வடித்த காளிக்கு மகளின் பேரையே வைத்தார்.

ஸ்தலக் கதைதான். கல் கிடைத்தது எப்படி என்று நான் விசாரிக்கப் போவதில்லை. என்னை நிறுத்துவது வேறு. அவர் பெரிய ஜமீன்தார். மகளின் நினைவைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கலாம். அவளைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக, அந்தக் குடும்பத்தை அறியாத மீன்காரிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் அவள் முன்னால் வந்து அம்மா என்கிறார்கள். தன் மகளை ஊரெல்லாம் அம்மா என்று கூப்பிடக் கேட்ட தகப்பனுக்கு என்ன தோன்றியிருக்கும்? துக்கம் குறைந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் நினைவு ஊருக்கே சொந்தமாவதற்கு மகாளய விடியலில் இன்னொரு சாட்சி உண்டு. விடிகாலை நான்கு மணிக்கு ஆகாஷ்வாணியில் 'மகிஷாசுரமர்தினி' ஒலிக்கும். 1930-களின் தொடக்கத்திலிருந்து வரும் நிகழ்ச்சி. எழுதியவர் பாணி குமார், இசை பங்கஜ் குமார் மல்லிக், சண்டியை ஓதும் குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ர. மூவரும் இன்று இல்லை. பீரேந்திர கிருஷ்ணர் 1991-இல் மறைந்தார். ஆனால் பித்ருக்களுக்கு நீர் விட ஊரை எழுப்புவதே ஒரு பித்ருவின் குரல்தான். 1976-இல் அவருக்குப் பதிலாக, உச்சத்தில் இருந்த நடிகர் உத்தம் குமாரை வைத்துப் புதிதாக ஒன்று ஒலிபரப்பிப் பார்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து பழையதையே மீட்டுக்கொண்டார்கள். உத்தம் குமார் மேல் வங்காளிகளுக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் அந்த ஒரு விடியலில் அவர்களுக்குப் பழகிய குரல்தான் வேண்டியிருந்தது. அப்போது தூக்கக் கலக்கத்தில் ரேடியோவைத் திருகிக்கொடுத்த அப்பாவோ பாட்டியோ இப்போது இல்லாத வீடுகளில், அந்தக் குரலோடு அவர்களும் சற்று நேரம் வந்து உட்காருகிறார்கள்.

பெஹாலாவில் எல்லாச் சாவும் வயதாகி, மாலையோடு போகும் சாவு அல்ல. 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி மாஜெர்ஹாட் பாலம் இடிந்தது. பெஹாலாவை நகரத்தோடு இணைத்த பாலம். மூன்று பேர் போனார்கள். புதிய பாலம் 2020 டிசம்பரில் திறந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு காலை, சௌரஸ்தா அருகே பள்ளிக்குப் போன ஒரு சிறுவன் லாரியில் அடிபட்டு இறந்தான். தெரு கொதித்தது, போலீஸ் வண்டி எரிந்தது. பிறகு சாலையைக் கடக்கும் இடங்களில் தடுப்புக் கம்பங்கள் வந்தன, பள்ளி நேரத்தில் போலீஸ்காரர்கள் கூடினார்கள். அந்தக் கோபத்தை நான் அஞ்சலி என்று அழகுபடுத்தப் பார்க்கவில்லை. ஆனால் இன்று அந்தக் கம்பம் இறங்கும்போது பேரக்குழந்தையின் கையை ஒரு பிடி இறுக்கிக்கொள்ளும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது. கை தானாக இறுகுகிறது. அந்த இறுக்கமும் ஒரு தர்ப்பணம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நினைப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும் என்பது என் எண்ணம். இரங்கல் கூட்டங்களில் அது பெரும்பாலும் கைகூடுவதில்லை. சந்தனப் பொட்டு வைத்த படம், ஹார்மோனியம், ரவீந்திரரின் பாட்டு, ஒரு நிமிட மௌனம் எல்லாம் அழகாக இருக்கும். பேச எழுந்தவர்கள்தான் போனவரை மெல்ல அழித்துவிடுவார்கள். பரோபகாரி, கள்ளம் கபடம் இல்லாதவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு. நாலு பேர் பேசி முடிக்கும்போது போனது யார் என்றே தெரியாது. அப்புறம் யாராவது ஒரு வயதான மாஷிமா எழுந்து, "மனுஷன் இலிஷ் மீனை மூன்று நிமிஷம் பேரம் பேசுவார், அப்புறம் சொன்ன விலைக்கே வாங்குவார்" என்பாள். சபை சிரிக்கும், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வந்துவிட்டார் அவர்.

தனியாக உட்கார்ந்து நினைக்கும்போதும் இதுவே வழி என்று கண்டிருக்கிறேன். கண்ணை மூடி ஒருவரைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் கொண்டுவருவது. செருப்பைக் கழற்றும் விதம், இருமுவதற்கு முன் தொண்டையில் வரும் ஒலி, காசை எண்ணும்போது உதடு அசைவது. நல்லவரா கெட்டவரா என்ற விசாரணைக்குள் போகவேண்டாம். போனால் மனம் நீதிபதி ஆகிவிடும், அப்புறம் தியானம் எங்கே? சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரரையும் இப்படி நினைக்க முடிகிறது. அவருடைய இருமல் நமக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

காளி பூஜைக்கு முதல் நாள், பூத சதுர்த்தசியன்று, வங்காள வீடுகளில் பதினாலு வகைக் கீரை சமைத்து, பதினாலு தலைமுறை முன்னோருக்குப் பதினாலு விளக்கு ஏற்றுவார்கள். பதினாலு தலைமுறையின் பேர் யாருக்குத் தெரியும்? தாத்தாவின் அப்பாவுக்கு மேல் பெரும்பாலும் மௌனம்தான். ஆக ஏற்றுகிற விளக்கில் பாதிக்கு மேல் பேர் தெரியாதவர்களுக்குத்தான். அதில் நம்மவர் யார், பிறத்தியார் யார் என்று பிரிக்க இயலாது.

துர்கா பூஜைக்குக் கிளப்புகள் வெளியிடும் ஸ்மரணிகா மலரில் அந்த வருடம் மறைந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது வழக்கம். எங்கள் பக்கத்துச் சிறிய கிளப் ஒன்றில் அந்தப் பக்கத்துக்குப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், கிளப்பின் பழைய பொருளாளர். அப்போது ஒருவர், ஏழெட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்த அம்மாள் மழைக்காலத்தில் போய்விட்டதை நினைவூட்டினார். சுந்தரவனப் பக்கத்து ஊர், விடிகாலை ரயிலில் வந்து போனவர். கிளப் உறுப்பினர் இல்லை, சந்தா கட்டியதில்லை, இந்தத் தெருவில் குடியிருந்ததும் இல்லை. விதிப்படி சேராது என்றார் செயலாளர். யாரும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் மேஜை மேல் கிடந்த படங்களைப் பார்த்தார்கள். பிறகு செயலாளரே கேட்டார்: "அவங்க முழுப் பேர் என்ன? யாருக்காவது தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. கொரோனா தடுப்பூசிக்கு அந்த அம்மாளைக் கூட்டிப்போன ஒரு பையன், பேரைத் தான்தான் பதிவு செய்தேன், பார்த்துச் சொல்கிறேன் என்று ஃபோனை எடுத்தான்.