விதியும் ஆயத்தமும்

இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளினின்றும் எறியப்பட்டு இடுப்பெலும்பு நொறுங்கிய இளைஞனொருவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இறந்தான் என வைத்துக்கொள்வோம். சாவு வீட்டில் கூடியிருப்போர் சொல்லுவது யாது? "அவனுக்கு எழுதியிருந்தது அவ்வளவுதான்" என்பர். பெரியவர் ஒருவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். அத்தோடு விசாரணை முடிந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன என்று கேட்பாரில்லை. கேட்பது இறந்தவனுக்கே இழுக்கு என்று எண்ணுவோரும் உளர். நாம் அக்கேள்வியைக் கேட்கவே விரும்புகின்றோம்.

வளர்ந்த மனிதன் உடலில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டர் போய்விடின் உயிர் ஊசலாடும். இடுப்பெலும்பு நொறுங்கினால் அவ்வளவும் வெளியே ஒரு துளி தெரியாமல் உள்ளேயே வடிந்துவிடக்கூடும். அதை நிறுத்த வேண்டுவன மந்திரமல்ல. இடுப்பை இறுகச் சுற்றும் பட்டை, எவருக்கும் ஏற்றத்தக்க 'ஓ' வகை இரத்தம், விழித்திருக்கும் ரண வைத்தியர், விளக்கெரியும் அறுவைக் கூடம் ஆகியவையே. இவற்றோடு டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தொன்றும் உண்டு. 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயம்பட்டோரிடத்து அதைச் சோதித்த ஆராய்ச்சியொன்று 2010ல் வெளிவந்தது. விரைவிற் கொடுத்தால் இரத்தப் போக்கால் நேரும் மரணம் குறைகின்றது; 3 மணி நேரம் கடந்து கொடுத்தாலோ பயனில்லை, தீங்கும் நேரலாம் என்பது அதிற் கண்ட முடிபு. அதே மருந்து, அதே காயம். முன்னே கொடுத்தால் உயிர், பின்னே கொடுத்தால் கேடு. பிரமன் எழுத்து இதில் எங்கேயிருக்கின்றது? நெற்றியிலா, கடிகாரத்திலா?

1976ம் ஆண்டு பிப்ரவரியில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர் தம் மனைவியோடும் நான்கு மக்களோடும் தாமே விமானம் ஓட்டிச் சென்றார். நெப்ராஸ்கா மாநிலத்தின் வயற்காட்டில் விமானம் விழுந்தது. மனைவி அங்கேயே மாண்டார்; குழந்தைகளில் மூவருக்குப் பலத்த காயம். அக்கடுங்குளிரில் வழிப்போக்கரின் காரை நிறுத்தி ஏறி அருகிலிருந்த சிற்றூர் ஆஸ்பத்திரியை அடைந்தபோது அதன் கதவு பூட்டியிருந்தது. திறந்த பின்னும், அங்கிருந்தோருக்கு இத்தகைய காயங்களில் போதிய பயிற்சியில்லை. கையில் ஒன்றுமின்றித் தாம் வயலிற் செய்த சிகிச்சையே மேலென அவருக்குத் தோன்றிற்று.

நம்மவராயின் கோயிலில் ஓர் அர்ச்சனையோடு இதை முடித்திருப்பர். அவரோ தம் தோழர்களுடன் கூடி, சிற்றூர் வைத்தியரும் கைக்கொள்ளத்தக்க முறையொன்றை வகுத்தார். முதலில் மூச்சுக்குழல், பிறகு சுவாசம், அதன்பின் இரத்தப் போக்கு. எது முன்னே கொல்லுமோ அதை முன்னே கவனித்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புக என்பதே அதன் சாரம். 1978ல் முதற் பயிற்சி நடந்தது. 1980ல் அமெரிக்க ரண வைத்தியர் சங்கம் அதை ஏற்றது. இன்று உலகின் பல நாடுகளில் கற்பிக்கப்படுகின்றது. தோட்டப்புறத்து மக்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். செம்மண் சாலையில் லாரி கவிழ்ந்தால் அவர்கள் முதலில் அடைவது தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியையா?

நிற்க, ஆயத்தத்தை மறுப்போர் எல்லோரும் விதிவாதிகள் அல்லர். ஆஸ்பத்திரியில் இடமின்றி நோயாளிகள் நெருக்குண்டு கிடக்கையில், இன்னும் வராத ஒருவனுக்காகக் கட்டிலொன்றைக் காலியாக வைப்பதும், வைத்தியர் கைகட்டிக் காத்திருப்பதும் நியாயமா என அவர்கள் கேட்கின்றனர். இஃது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. கண்முன் வருந்துவோனை விட்டுக் காணாதவனுக்குக் கடன் செலுத்துவது எவ்வாறு என நாமும் தயங்கியதுண்டு. ஆனால் கட்டிலிற் கிடப்போனுக்கு வாய் உண்டு, முறையிட உற்றாருண்டு. நாளை இரவு சாலையில் விழப்போகிறவனோ இன்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தானே அவன் என்பதை அவனும் அறியான். தனக்காகப் பேச இயலாதவன் உலகில் ஒருவன் உண்டெனில் அவன் இவனே.

நமது தருமமோ முகங்கண்டு செய்யும் தருமம். அன்னதானம் செய்தால் உண்டவன் வாழ்த்துவான். மண்டபத்துச் சுவரிற் பெயர் பொறிக்கப்படும். காலிக் கட்டிலுக்கு எவர் பெயரைப் பொறிப்பது? ஒன்றும் நேராத இரவில் ஆயத்தம் வீண் செலவாகவே தோன்றும்.

மற்றொன்றும் உண்டு. காயம்பட்டோரைக் காயத்தின் கடுமையொன்றே பார்த்து, பதவி பாராது கவனிக்க வேண்டுமென நெப்போலியன் படையின் ரண வைத்தியர் டொமினிக் லாரே வற்புறுத்தினார். அதிகாரியாயினும் சிறுகாயத்தான் காத்திருக்க வேண்டியதே. மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பதும், சிங்கப்பூரில் 1 முதல் 4 வரை வகுப்பதும் அக்கொள்கையின் வழிவந்தனவே. பந்தியில் எவர்க்கு முதலிலை என்பதற்குப் பிறப்பையும் பணத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய பாடம். காய்ச்சலோடு முன்னே வந்து அமர்ந்தவர், பின்னே வந்தவனை முதலில் உள்ளே கொண்டுபோனதற்காகச் சண்டையிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். தனியார் ஆஸ்பத்திரிகளும் உயிர்காக்கும் அவசர சிகிச்சைக்கு எந்நேரமும் ஆயத்தமாயிருக்க வேண்டுமென மலேசியாவில் 1998ம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. சட்டம் சிகிச்சையை மட்டும் கேட்கவில்லை, ஆயத்தத்தையே கேட்கின்றது என்பதைக் கவனிக்குக.

எல்லா மரணத்தையும் தடுத்துவிடலாமென நாம் கூறவில்லை. எவ்வளவு ஆயத்தமிருந்தும் பிழையாத காயங்கள் உள. ஆனால் அதைச் சொல்லும் உரிமை, செய்ய வேண்டியதனைத்தும் செய்து ஓய்ந்த வைத்தியருக்கே உண்டு. ஒன்றும் விசாரியாத நமக்கில்லை.

வைத்தியர் ஆயத்தமாயிருப்பினும், ஏற்றுதற்குரிய இரத்தம் நம்மிடமிருந்தே வரவேண்டும். அதைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சுமார் 6 வாரத்திற்கு மேல் உதவாது. நம் இளைஞர்கள் தைப்பூசத்தன்று ஒன்றுகூடி இரத்தம் அளித்தால் அது நற்செயலே. எனினும், சித்திரைப் பிறப்பன்று சாலையில் விழுவோனுக்கு அதில் ஒரு துளியும் மிஞ்சியிராது.