அவிழ்த்துவிட்டால் போதுமா?

2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. சூப்பர்டோம் அரங்கில் தஞ்சம் புகுந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு சிறுவனின் கையிலிருந்த சின்ன வெள்ளை நாயைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பையன் ‘ஸ்நோபால், ஸ்நோபால்’ என்று கதறி, அழுத அழுகையில் வாந்தி எடுத்தான் என்று அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. அந்தச் செய்தி கிளப்பிய கொந்தளிப்புக்கும் 2006 அக்டோபரில் வந்த ‘பெட்ஸ்’ சட்டத்தில் பங்கு உண்டு. மாநில, உள்ளூர் நிர்வாகங்கள் பேரிடர்த் திட்டம் தீட்டும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

கத்ரீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்துபோனார்கள். அதனால் இதைக் கேட்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, “மனுஷனே செத்துக் கெடக்கான், இதுல நாய்க்கு ஒரு சட்டமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. இதன் தத்துவ வடிவமும் நமக்குப் பழகியதே: படகில் ஓர் இடம்தான் மிச்சம், மனிதனை ஏற்றுவதா நாயை ஏற்றுவதா? மனிதனைத்தான் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வோம். நானும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருப்பதால் பெரிய பயன் இல்லை. மென்பொருள் தொழிலில் நள்ளிரவில் சர்வர் விழுந்தால், எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்று யாரோ ஒருவர் பதற்றத்தில் முடிவெடுப்பார். மறுநாள் உட்கார்ந்து பேசும்போது அந்த முடிவைப் பற்றி அதிகம் பேச மாட்டோம். பேக்கப் இருந்ததா, அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தோமா என்றுதான் கேட்போம். படகில் ஓர் இடம் மட்டும் மிஞ்சுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நூறு சின்ன விஷயங்கள் செய்யப்படாமல் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று, மனிதனுக்கு முன்னுரிமை என்ற விதி மனிதனையே காப்பாற்றுவதில்லை. கத்ரீனாவுக்குப் பிறகு ஃபிரிட்ஸ் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கெடுப்பில், வெளியேறாமல் தங்கிவிட்டவர்களில் 44 சதவீதம் பேர் பிராணிகளை விட்டுப் போக மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நாயை விட்டுவிட்டு வா என்றால் மனிதனும் வர மாட்டேன் என்கிறான். அவனை முட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது அதனால் நிற்காது.

நான் இருப்பது ஃபுளோரிடாவில், டாம்பா பக்கம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். எங்கள் வீட்டில் மிளகு என்றொரு கறுப்புப் பூனை இருக்கிறது. அதற்கான ஏற்பாடுகள் பெரிய வித்தை இல்லை: தோலுக்கடியில் மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்றிதழ், இரண்டு வாரத்துக்கான தீனி, தண்ணீர், மருந்து, தொலைந்தால் நம்முடையதுதான் என்று காட்ட நாமும் அதுவும் சேர்ந்திருக்கும் புகைப்படம், பிராணிகளை ஏற்கும் முகாம் அல்லது விடுதி எது என்ற விவரம். ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

முடியாதது ஒன்று உண்டு. பூனையைக் கூண்டுப்பெட்டிக்குப் பழக்குவது. பெட்டி என்றாலே ஊசி என்று அதற்குத் தெரியும். எடுத்த உடனே கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் பெட்டியைக் கதவு திறந்தபடி கூடத்திலேயே வைத்துவிட வேண்டும். முதலில் பக்கத்தில் தீனி, பிறகு வாசலில், பிறகு உள்ளே. வாரக்கணக்கில் ஆகும். பெரியவர்களிடம் “பத்து நிமிஷத்துல கெளம்பணும், புயல் வருது” என்று சொன்னால் போதும். பூனையிடம் அதைச் சொல்ல நமக்கிருக்கும் மொழி இந்தப் பழக்கம் ஒன்றுதான். அதைப் புயல் வரும் அன்று பேச ஆரம்பிக்க முடியாது.

2024 அக்டோபரில் மில்டன் சூறாவளிக்காக நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா வேதாரண்யம் பக்கத்திலிருந்து போனில் இருந்தார். “ஏண்டா, பூனைக்குமா பொட்டி கட்டுற? கஜா வந்தப்ப நாங்க மாட்ட அவுத்து விட்டோம், அவ்ளோதான். கட்டிப்போட்டாத்தான் பாவம். கொட்டாய் மேல விழுந்தா கட்டுலயே கெடந்து சாவும். அவுத்து விட்டா எங்க ஒதுங்கணும்னு அதுக்குத் தெரியாதா?”

அதே நாட்களில் எங்கள் ஊர் வழியே போகும் நெடுஞ்சாலையோரம், வேலியில் கட்டப்பட்டு, ஏறும் தண்ணீரில் நின்ற ஒரு நாயை நெடுஞ்சாலைக் காவலர்கள் மீட்டார்கள். ட்ரூப்பர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பேரிடரின்போது நாயை வெளியே கட்டிப்போட்டுக் கைவிட்டுப் போவதைக் கடுங்குற்றமாக்கி 2025இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டத்துக்கும் அதே பெயர்தான். அம்மா ஒரு வரியில் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது.

ஆனால் அம்மாவின் விதியை மிளகுக்குப் பொருத்த முடியாது. மாட்டை அவிழ்க்கும்போது அதனிடமே இருக்கும் ஒரு திறனைத் திருப்பிக் கொடுக்கிறோம். பிறந்ததிலிருந்து குளிரூட்டிய அறையில், கிண்ணத்தில் கொட்டிய தீனியில் வளர்ந்த பூனைக்குத் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? கதவைத் திறந்துவிட்டால் அது விடுதலை ஆகாது. ஒரு பிராணியின் பிழைக்கும் வழியை எந்த அளவுக்கு நம் கைக்கு எடுத்துக்கொண்டோமோ, அந்த அளவுக்குத்தான் நம் கடமையும். அன்பு இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. பிடிக்காத பூனைக்கும் பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியவில்லை. பெட்ஸ் சட்டத்தைச் செயல்படுத்தும் ஃபெமா, வீட்டுப் பிராணி என்றால் எது என்று வரையறுத்திருக்கிறது. நாய், பூனை, பறவை, முயல், எலி வகை, ஆமை எல்லாம் உண்டு. மீன், பாம்பு, குதிரை, பண்ணை விலங்குகள் கிடையாது. பள்ளிக்கூட முகாமில் குதிரையைக் கட்ட முடியாதுதான். ஆனால் அந்தப் பட்டியலை வரைந்தது வசதி மட்டும் இல்லை, பாசமும்தான். 2018இல் ஃபுளோரன்ஸ் சூறாவளி வட கரோலினாவைத் தாக்கியபோது, 30 லட்சத்துக்கும் அதிகமான பண்ணைக் கோழிகளும் ஆயிரக்கணக்கான பன்றிகளும் செத்தன. பூட்டிய கொட்டகைக்குள் இருந்த கோழியைவிட நம்மையே முழுதாகச் சார்ந்திருக்கும் உயிர் எது? சார்பிலிருந்துதான் கடமை பிறக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினால், அந்தக் கோழிகள் மிளகுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கோழிக்குழம்பு வைக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மனிதர்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் தங்கிப்போன பலரிடம் கார் இல்லை. விடுதிக்குப் பணம் இல்லாதவரிடம் போய் “பூனைக்கு ஏற்பாடு செய்தீர்களா?” என்று கேட்பது அறம் ஆகாது. பேருந்தில் கூண்டு வைக்க இடம் ஒதுக்குவது ஊரின் கடமை. கூண்டுக்குள் நுழையப் பூனையைப் பழக்குவது வீட்டின் கடமை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது வீண். பெட்ஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தச் சுமையை ஒரு சிறுவனின் கையிலிருந்து எடுத்து ஓர் அரசாங்கத்தின் தோளில் வைத்ததுதான்.

படகுக் கேள்வி எப்போதும் இருக்கும். என்றைக்காவது யாராவது அதற்குப் பதில் சொல்ல வேண்டியும் வரும். அந்த இடத்தில் நிற்கிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அறம் செய்ய நேரம் இருப்பது வெயில் அடிக்கும் நாட்களில். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே கொஞ்சம் தீனி போட்டுவிட்டு, பூனை தானாக வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம்.