நிறுத்தின வண்டியில் ஒரு திருடன்



2022-ம் வருஷம், ஒரு புதன்கிழமை விடியற்காலை. ஆரணியில் தறி நெய்கிற நம் சபைச் சகோதரி ஒருவர், "பாஸ்டர் ஐயா, பிள்ளைக்கு வலிப்பு! வேலூருக்குப் போகணும்" என்று கதவைத் தட்டினார். சபைக் காரின் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஞாயிறு ராத்திரி கூட்டம் முடிந்து நன்றாய் ஓடிவந்த வண்டி! ஆட்டோ பிடித்து அனுப்புவதற்குள் அரைமணி நேரம் போயிற்று. வெட்கத்தோடு தெருவில் நின்றேன்.

அந்த வருஷத்தில் அது இரண்டாவது பேட்டரி. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, "பேட்டரி மேல குத்தமில்லீங்க ஐயா. சாவி எடுத்த பிறகும் எதுவோ குடிக்குது" என்றான்.

பேட்டரியை சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துச் சேர்த்தான். (மீட்டர் மாட்டியிருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) கதவுகளைச் சாத்தி அரைமணி காத்திருந்தோம். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க அத்தனை நேரம் ஆகுமாம். கடிகாரம், அலாரம் இவைகளுக்கு 0.05 ஆம்பியருக்குள் போனால் பயமில்லை. எங்கள் மீட்டரோ 0.6 காட்டிற்று! 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அறுபது மணி நேரத்துக்குள் காலி. ஞாயிறு ராத்திரியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவனைப்போல ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினான். டிக்கி விளக்கா? இல்லை. டேப்பா? இல்லை. ஆல்டர்னேட்டரில் டயோடு கெட்டாலும் இப்படி இறங்குமாம், அந்த ஒயரையும் கழற்றினான். ஊஹூம். கடைசியில் பேட்டரி ஓரமாய்த் தனியே ஒரு ஃபியூஸ். எடுத்தவுடனே 0.03!

தெருக்கூட்டத்துக்காக நான் மாட்டச் சொன்ன ஆம்ப்ளிஃபையர் அது. அவசரத்தில் சாவி வழியாய்க் கொடுக்காமல், நேரே பேட்டரியில் கொடுக்கச் சொன்னவனும் நானே.

ஐயோ, இரகசிய பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்க ஆயத்தமாயிருந்தேனே! குடித்தது ஊழியத்தின் பெட்டி. ராத்திரிதோறும் கூட்டம் நடத்திவிட்டு, காலையில் முழங்கால் மடங்காமல் போன நாட்கள் எனக்கு எத்தனை! சிம்சோனும் பெலன் போனதை அறியாமல்தான் எழுந்தான்.

ஆம்ப்ளிஃபையருக்குத் தனி சுவிட்ச் வைத்தோம். சாயங்காலம் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய், தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டேன். "பிள்ளை கண்ணு முழிச்சிட்டான் ஐயா. வண்டியைப் பாத்தீங்களா?" என்றார்.