பெருநாள் பலகாரம் யார் கணக்கில்?

ரமலான் 20 கழிந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளில் கோதுமை மாவும் நெய்யும் சீனித்தூளும் வைத்த இடத்தில் நிற்பதில்லை. பினாங்கானாலும் சிங்கப்பூரானாலும் இதுவே சங்கதி. வியாபாரிகளுக்கு அது நல்ல காலம், அதை மறைப்பானேன்? வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். ஆனால் அந்த மாவு போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி ஒரு கேள்வியை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஆண்கள் தராவீஹ் தொழுது, பள்ளியில் தங்கி, லைலத்துல் கத்ரைத் தேடுகிற அதே இரவுகளில் நமது வீட்டுப் பெண்மக்கள் அடுப்பின் முன்னே நிற்கிறார்கள். இது நியாயந்தானா?

பலகாரம் வேண்டாமென்று சொல்ல வந்தோமில்லை. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நாமெல்லாம் அறிவோம். நமது பெருநாளுக்குச் சீனர் வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் தட்டுப் போகிறது. தீபாவளிக்கு அவர்கள் தட்டு நம் வீட்டுக்கு வருகிறது. மேடைப் பிரசங்கங்கள் பலவும் செய்யாத காரியத்தை இந்தத் தட்டுகள் செய்திருக்கின்றன.

ஆனாலும் எந்தச் சரக்குக்கும் அடக்க விலை பார்க்கிற நாம், இந்தத் தட்டுக்கு மட்டும் பார்ப்பதில்லை. நெய் பிஸ்கோத்தையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோ மாவு, அரைக் கிலோ நெய், 300 கிராம் சீனித்தூள். மாவைச் சட்டியில் சிவக்காமல் வறுத்து, ஆறவைத்துச் சலிக்க வேண்டும். பிறகு நெய்யும் சீனியும் சேர்த்துப் பிசைந்து 10 கிராம் அளவில் உருட்டினால் ஏறக்குறைய 180 உருண்டை வரும். ஒவ்வொன்றையும் கையால்தான் உருட்டவேண்டும். ஒவ்வொன்றையும் காகிதக் கிண்ணத்தில் வைக்கவேண்டும். வீட்டு அடுப்பில் தட்டுக்கு 30 வைத்தால் ஆறு தட்டு. தட்டொன்றுக்கு 20 நிமிஷமானால் வேகிற நேரமே இரண்டு மணி. அச்சுமுறுக்கோ இன்னும் மோசம். அச்சை எண்ணெயில் காயவைத்து, விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறவேண்டும். அடுப்பை விட்டு ஓரடி நகர முடியாது. அன்னாசிப் பழத் தார்ட்டுக்குப் பழத்தைத் துருவி நீர் வற்றக் கிளறும் வேலை வேறு. இத்தனையும் நோன்பு வைத்துக்கொண்டு, அல்லது நோன்பு திறந்து, பாத்திரம் கழுவி, ஸஹருக்கு எழும்புமுன் கிடைக்கிற நாலைந்து மணி நேரத்தில்.

இதற்குச் சிலர் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. பணிவிடையும் வணக்கந்தானே, அவர்களுக்கும் நன்மை உண்டே என்பார்கள். உண்மைதான். ஒரு பிரயாணத்தில் நோன்பு வைத்தவர்கள் சோர்ந்து விழ, நோன்பு வையாதவர்கள் கூடாரமடித்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அன்றைய கூலியை இவர்களே கொண்டுபோனார்கள் என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆனால் அங்கே பணி செய்தவர்கள் நோன்பில்லாதவர்கள். நம் வீட்டிலோ இருவருக்கும் நோன்பு. ஒருவர் தஸ்பீஹுடன் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் மாவோடு நிற்கிறார். பணிவிடையில் அத்தனை நன்மை இருக்குமாயின் அதை முழுவதும் பெண்களுக்கே விட்டுக்கொடுக்க நாம் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம்?

இமாம் நவவி அவர்கள் (மறைவு 1277) எழுதிய மின்ஹாஜில் மனைவியின் ஜீவனாம்சத்தைப் பற்றிய பாடம் உண்டு. வசதியுள்ளவன் நாளொன்றுக்கு 2 முத்து தானியமும், நடுத்தரமானவன் ஒன்றரையும், ஏழை 1ம் கொடுக்கவேண்டும். அத்தோடு நிற்கவில்லை. அதை அரைப்பதும் சுடுவதும் கணவன் பொறுப்பே என்பதுதான் ஷாஃபிஈ மத்ஹபில் மிகச் சரியான சொல். சுட்டுத் தருவது அவன் பற்றில் எழுதப்படுகிறதேயன்றி அவள் பற்றில் அல்ல! ஹனஃபி சகோதரர்கள் சமையல் அவள் மீது மார்க்கப்படியுள்ள பொறுப்பு என்பார்கள். ஆயினும் காஜி அவளைக் கட்டாயப்படுத்துவதற்கில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அதுவும் அன்றாட உணவைக் குறித்த பேச்சு. நாலு வகைப் பிஸ்கோத்து எந்த மத்ஹபிலும் கடமையாக்கப்படவில்லை.

ஆகவே, நமது பெண்மக்கள் பலகாரம் சுடுவது நமக்கு அவர்கள் தருகிற ஹதியா. ஹதியாவைக் கணக்குப் பார்த்து வாங்க உரிமையில்லை. 'இந்த வருஷம் ஏன் இரண்டு வகைதான்?' என்று கேட்பவர் வராத கடனுக்கு வசூல் கேட்கிறவராகிறார்.

இன்னொன்று. கடைசிப் பத்து வந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் இரவை உயிர்ப்பித்து, தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எழுப்பியது வணக்கத்துக்கு. 1000 மாதங்களைவிடச் சிறந்த இரவு என்றால் 83 வருஷம் 4 மாதத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய லாபத்தை நாம் தேடிக்கொண்டு, வீட்டிலுள்ளவரைப் பிஸ்கோத்துத் தட்டோடு நிறுத்திவைப்பது கூட்டு வியாபாரத்தில் பங்காளியை ஏமாற்றுவது போலில்லையா?

காசு கொடுத்து வாங்கிவிட்டால் தீர்ந்ததென்று சிலர் நினைக்கலாம். 27ஆம் கிழமையில் போய் ஆர்டர் கொடுத்தால் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பதில் வேறொரு வீட்டுப் பெண் விழித்திருப்பாள், அவ்வளவுதான். ஷஃபானிலேயே சொல்லி முன்பணமும் கொடுத்தால் அவளுக்கும் அவகாசம் கிடைக்கும். நெய் பிஸ்கோத்தும் அச்சுமுறுக்கும் நன்றாக ஆறியபின் சிவப்பு மூடிப் போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்தால் மூன்று வாரம் கெடுவதில்லை. எனவே முதல் பத்துக்குள் முடித்துவிடத் தடையொன்றுமில்லை. அப்படி முடிகிற அளவுக்கு வகைகளைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. மாவும் நெய்யும் ரஜபிலேயே கடையில் எடுத்து வைக்கலாம். கொள்முதல் செய்கிற நமக்கு இது புதிதன்று.

ஆண்பிள்ளைகளும் கை கொடுக்கலாம். வீட்டிலிருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் குடும்பத்தார் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்பதும் அன்னையாரின் அறிவிப்பே. பிஸ்கோத்து உருட்டப் பெரிய பயிற்சி வேண்டாம். அச்சுமுறுக்கு மட்டும் சற்றுப் பொறுமை கேட்கும். அச்சு நன்றாகக் காயாவிட்டால் மாவு அதிலேயே ஒட்டிக்கொண்டு வராது. முதல் நாலைந்து பாழாகும், அதைக் கோபிக்காமல் நாமே தின்றுவிடலாம், நோன்பு திறந்த பிறகு.