பிறர் ஓடிய தூரம்

என் அப்பா ஓட்டிய அம்பாசிடர் காரில் ஸ்பீடாமீட்டர் நின்றுவிட்டது. கேபிள் அறுந்திருந்தால் சுலபம். உள்ளே பற்சக்கரம் தேய்ந்துவிட்டது, மீட்டரையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டுவந்த அந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. புது மீட்டர் தேடி அலுத்தபின், சென்னையில் இம்மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் போகும் புதுப்பேட்டைக்கு நானும் போனேன்.

அங்கே வண்டிகள் வண்டிகளாக இல்லை. கதவுகள் கதவுகளோடும் ரேடியேட்டர்கள் ரேடியேட்டர்களோடும் கிடக்கின்றன. உடைத்த ஒரு அம்பாசிடரிலிருந்து கழற்றிய மீட்டர் கிடைத்தது. 61,240 கிலோமீட்டர் காட்டியது. என்னுடையது நின்றுபோன இடம் 48,913. ஐந்து இலக்க மீட்டர்கள். லட்சம் ஆனால் மறுபடி பூஜ்யம். எந்த எண் எத்தனையாவது சுற்றில் நிற்கிறது என்பதை மீட்டர் சொல்லாது.

மெக்கானிக் மீட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "நம்பர் எவ்வளவு வெக்கட்டும் சார்?" அவர் குரலில் கள்ளம் இல்லை. சட்டை தைப்பவர் கை நீளம் கேட்பதுபோல் கேட்டார்.

தத்துவத்தில் இதற்கு ஒரு பழைய கப்பல் உண்டு. தீஸியஸ் வந்த கப்பலை ஏதென்ஸ்காரர்கள் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காத்துவந்ததாக புளூட்டார்க் எழுதினார். எல்லாம் மாறியபின்னும் அது அதே கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இன்னொன்று கேட்டார்: கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீஸியஸின் கப்பல்? இருவர் கேள்வியும் என்ன ஆயிற்று என்பதைப் பற்றித்தான். புதிய பலகை எங்கிருந்து வந்தது என்பது அதில் இல்லை. காட்டு மரத்துக்கு முன்கதை கிடையாது என்ற நினைப்பு போலும்.

என் பலகை இன்னொரு கப்பலிலிருந்து வருகிறது. உற்பத்தி நின்றபின் ஒரு அம்பாசிடர் ஓடுவதற்கு எங்கோ ஒரு அம்பாசிடர் உடைபட வேண்டியிருக்கிறது. அந்த வண்டியின்மேல் ஆசை வைத்தவர்களே அதன் இனம் உடைபடுவதற்கும் காத்திருக்கிறார்கள். காப்பாற்றுதல் என்ற சொல்லை நாம் சற்று அதிகச் சுத்தமாகவே உபயோகிக்கிறோம் என்று தோன்றுகிறது.

சட்டம் இங்கே உதவவில்லை. அதற்கு வண்டி என்பது சேஸிஸ் எண். எஞ்சினை மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். மீட்டருக்கு அந்தக் கௌரவம் இல்லை. ஆகவே முடிவு என்னுடையதாயிற்று.

48,913 வைக்கலாம். அப்பாவின் எண் என்று ஒரு உருக்கம். ஆனால் கடைசிச் சில ஆயிரங்கள் நான் ஓட்டியவை. தவிர, நின்ற மீட்டரோடு பல மாதம் ஓடியாயிற்று. பூஜ்யம் வைக்கலாம். எனக்கு முன் யாரும் ஓடவில்லை என்று சொல்லிக்கொள்வது. இலக்கியத்திலும் சிலர் செய்வதுதான். இருந்ததை அப்படியே விட்டால் அது இந்த வண்டியைப் பற்றிப் பொய். மூன்றும் பொய் என்றால், யாரும் கை வைக்காத பொய்யை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். என்றாவது வாங்குகிறவனுக்கு அது சேர வேண்டும்.

மீட்டர் இப்போது 61,300. அதில் அறுபதுதான் நாங்கள் போனது. மற்றதை ஓட்டியவர் யார், ஏன் வண்டியைக் கொடுத்தார் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். விலையை மட்டும் கேட்டேன்.